பிள்ளைக்கு ஏற்ற வேலை எது?

கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பயிற்சிக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்



சேமிப்பு, வசூல், தீர்மானம் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். டீ வருவதற்குள் பேசலாம் என்று ஒரு விஷயம் வைத்திருந்தோம். டீ வந்தாலும் குடித்துக்கொண்டே கேளுங்கள், கொஞ்சம் நீளும்.

குழுக்களிலிருந்து வருகிற கடன் மனுக்களை நாங்கள் படித்துப் பார்க்கிறோம். பிள்ளையின் படிப்புக்கு, பிள்ளைக்குத் தொழில் வைத்துக் கொடுக்க என்று வருகிற மனுக்களில் சில ஒரே வீட்டிலிருந்து இரண்டாவது, மூன்றாவது தடவையாக வருகின்றன. முதலில் பாலிடெக்னிக் பீஸ் கட்ட. நாலு மாசத்தில் பையன் நின்றுவிட்டான். அடுத்து செல்போன் கடை. அதையும் மூடியாச்சு. இப்போது லோடு ஆட்டோ வேண்டுமாம். அம்மா மட்டும் பூப்பறிக்கப் போய், களை எடுக்கப் போய், ஒரு தவணைகூட விடாமல் கட்டிக்கொண்டு வருகிறார். மனு கூட்டத்துக்கு வந்ததும் பேச்சு கிளம்புகிறது. "அந்தப் பையன் உருப்பட மாட்டான்க்கா. அவனுக்கு எதுக்குக் கடன்?"

அந்த அம்மா தலையைக் குனிந்துகொள்கிறார். உருப்படாத பிள்ளையா, இல்லை பொருந்தாத வேலையா என்று யாரும் கேட்பதில்லை. அதைத்தான் இன்றைக்குக் கேட்கப் போகிறோம்.

இந்த மாதிரிப் பிள்ளைகளை நாம எல்லாரும் பார்த்திருக்கிறோம். புளி வாங்கி வா என்று அனுப்பினால், வழியில் நின்றுபோன யாருடைய வண்டியையோ தள்ளிவிட்டு, புளியை மறந்து வருவான். கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்வான். திங்கள்கிழமை வாங்கிக் கொடுத்த பேனா புதன்கிழமை இருக்காது. வகுப்பில் உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டான். ஆனால் அதே பிள்ளை பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு சோறு தண்ணி இல்லாமல் மூணு மணி நேரம் இருப்பான். வீட்டில் கோபம் வருவதே இங்கேதான். "இதுக்கு மட்டும் எப்படிடா உட்கார முடியுது? அப்போ வேணும்னுதானே பண்றே?"

வேணும்னு பண்ணுவதில்லை. டாக்டர்கள் இதை ஏ.டி.எச்.டி. என்று சொல்கிறார்கள். கவனக்குறைவும் அளவுக்கு மிஞ்சிய துறுதுறுப்பும் சேர்ந்த குறைபாடு. சிலருக்கு இரண்டும் இருக்கும், சிலருக்கு ஒன்று மட்டும் இருக்கும். செல்போன் வந்த பிறகு வந்த வியாதி என்று சிலர் சொல்வது தவறு. 1902-லேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி மருத்துவர்கள் கூட்டத்தில் பேசியிருக்கிறார். உலக அளவில் 100 பிள்ளைகளில் சுமார் 5 பேருக்கு இது இருக்கிறது என்பது கணக்கு. பெரும்பாலும் குடும்ப வழியாக வருவது. தாயின் வளர்ப்புக் குற்றம் இல்லை. இதை மாமியார்மார்களும் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தப் பிள்ளைகளுக்குக் கவனமே இல்லை என்பதில்லை. கவனத்தை நாம் சொன்ன இடத்தில் கொண்டுபோய் நிறுத்த முடிவதில்லை. பிடித்தது, புதியது, இப்பவே முடிக்க வேண்டியது, இவற்றில் கவனம் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். மற்றதில் வழுக்கிக்கொண்டு போகும். இன்னொன்று, நாள் கழித்து வருகிற பலன் இவர்களை அசைப்பதில்லை. மூணு வருஷம் படித்தால் நல்ல வேலை என்று ஆயிரம் தடவை சொன்னாலும் புத்திக்குத் தெரியும், கை நகராது. இன்று சாயங்காலம் கண்ணால் பார்க்கிற பலன் என்றால் கை நகரும். நேரக் கணக்கும் பிடிபடாது. பத்து நிமிஷம் என்று நினைத்தது ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்லிவிடுகிறோம். துறுதுறுவென்று இருக்கிற பிள்ளை எல்லாம் ஏ.டி.எச்.டி. இல்லை. 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீட்டில் மட்டும், பள்ளியில் மட்டும் என்றில்லாமல் பல இடங்களில் இருக்க வேண்டும். ஆறு மாசத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். காது சரியாகக் கேட்காத பிள்ளையும் தூக்கம் கெட்ட பிள்ளையும் இப்படியேதான் தெரியும். ஆகவே முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர். நாமும் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரும் இல்லை.

சரி, இப்படிப்பட்ட பிள்ளையை என்ன வேலைக்கு அனுப்புவது? இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஏற்ற பத்து வேலைகள் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு அந்தப் பட்டியலில் நம்பிக்கை இல்லை. வேலையின் பெயரைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த வேலையில் காலை முதல் சாயங்காலம் வரை ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார்த்தால்தான் தெரியும்.

நம்ம பக்கத்து மோட்டார் ரிப்பேர் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வேலை, மோட்டார் மெக்கானிக். உள்ளே போனால் இரண்டு வேலை இருக்கிறது. ஒருவர் உட்கார்ந்து காயில் கட்டுகிறார். சுற்று எண்ணிக்கை தவறினால் மோட்டார் கெட்டுப்போகலாம். நாள் முழுக்க எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருவர் போன் வந்ததும் தோட்டத்துக்குப் போகிறார். போர்வெல்லிலிருந்து குழாயை ஏற்றி மோட்டாரைத் தூக்குகிறார், என்ன பழுது என்று கண்டுபிடிக்கிறார், தண்ணீர் பீச்சி அடித்தால் வேலை முடிந்தது. விவசாயி அங்கேயே நிற்கிறார், பயிர் காய்கிறது, இப்பவே சரி பண்ண வேண்டும். நாம் சொன்ன பிள்ளையை முதல் வேலையில் உட்கார வைத்தால் பத்தாம் நாள் ஓடிவிடுவான். நாமும் "இவனுக்கு மோட்டார் வேலையும் சரிப்படல" என்று முடிவு கட்டிவிடுவோம். இரண்டாவது வேலையில் விட்டால் அவனைக் கையில் பிடிக்க முடியாது. கடை ஒன்றுதான், முதலாளியும் ஒருவர்தான்.

தையலும் அப்படியே. பனியன் கம்பெனி லைனில் உட்கார்ந்து நாள் முழுக்க ஒரே மடிப்பு, ஒரே தையல். ஊரில் பிளவுஸ் தைப்பவருக்கு அப்படி இல்லை. அளவெடுக்கிறார், வெட்டுகிறார், வந்தவரோடு பேசுகிறார், ஒன்று முடிந்தால் அடுத்தது வேறு நிறம், வேறு கழுத்து. நம் குழு உறுப்பினர் ஒருவரின் மகள் லைனில் மூன்று கம்பெனி மாறிவிட்டு, இப்போது வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறாள். கைவேலை அருமை. ஆனால் கல்யாணத்துக்குக் கொடுத்த துணியைக் கல்யாணம் முடிந்த பிறகு தைத்துக் கொடுத்த கதையும் உண்டு. அதற்கு அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? துணி வாங்கும்போதே பெயர், தேதி எழுதித் துணியிலேயே குத்திவிடுவார். தேதி வாரியாகக் கொடியில் தொங்கவிடுவார். முதலில் தொங்குவதுதான் இன்றைய வேலை. காசு வாங்குவதும் கணக்கும் அம்மா கையில். மகள் தைப்பதோடு சரி. அந்த வீட்டில் பிறகு மனு வரவில்லை.

இதிலிருந்து நாங்கள் தெரிந்துகொண்டது, வேலை பொருந்தினால் மட்டும் போதாது, கூட ஒரு ஆள் வேண்டும். மறப்பதை ஞாபகப்படுத்த, காசை எண்ணி வைக்க. தனியாகக் கடை வைத்துக் கொடுத்தால் பெரும்பாலும் படுத்துவிடுவது இதனால்தான். கடை என்றால் சரக்கு வாங்குவது, கடன் வசூலிப்பது, நேரத்துக்குத் திறப்பது, பில் போடுவது, எல்லாம் தானாகவே ஞாபகம் வைத்துச் செய்ய வேண்டும். சொல்வதற்கு ஆள் கிடையாது. செல்போன் கழற்றி மாட்டுவதில் கெட்டிக்காரனாக இருப்பான், கடை நடத்துவதில் தோற்றுப்போவான். இரண்டும் வேறு வேறு திறமை.

நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும். விடிவதற்கு முன்னே மூட்டை வந்து இறங்கும். எடை, ஏலம், கட்டு, அடுத்த வண்டி. மல்லி விலை காலையில் ஒன்று, மதியம் ஒன்று. பூ காத்திருக்காது, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்ற பேச்சே அங்கே கிடையாது. வேலையே ஆளைத் துரத்துகிற இடம். துறுதுறுப்பு அதிகமாக உள்ள பிள்ளைகள் சிலர் அங்கே நன்றாக நிற்கிறார்கள். ஆனால் எல்லோருக்கும் இல்லை. சத்தம் கூடினால் தலை குழம்பிப் போகிற அமைதியான வகைப் பிள்ளைகளும் இந்தக் குறைபாட்டில் உண்டு. பெண் பிள்ளைகளில் இந்த வகை அதிகம் கண்ணில் படுகிறது. அவர்களை மார்க்கெட்டில் விட்டால் அழுதுவிடுவார்கள். அதனால்தான் பட்டியல் வேண்டாம் என்கிறோம்.

கறவை மாட்டையும் சொல்ல வேண்டும். மறதிக்காரர்களுக்கு மாடு எதற்கு என்று தோன்றும். ஆனால் நேரம் தவறினால் மாடு கத்தும், சொசைட்டியில் பால் எடுக்கிற நேரம் மாறாது, ஊற்றியதும் அளவு கையில் வரும், பணமும் மாசக்கணக்கில் காத்திருக்க வைக்காது. நாளே நினைவூட்டிக்கொண்டு போகிறது. வெள்ளாடு மேய்க்க விட்டால் அப்படி இல்லை, ஆடு ஒரு பக்கம் பிள்ளை ஒரு பக்கம்.

இதற்கு நேர் எதிரான வேலையும் நம் பகுதியில் உண்டு. ஹாஸ்டலில் தங்கி மில் வேலை, மூணு வருஷம் முடித்தால் மொத்தமாகப் பணம் என்று சொல்லிப் பெண் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள் அல்லவா? பலருக்கும் கஷ்டத்தைக் கொடுத்த ஏற்பாடு அது. இந்தக் குறைபாடு உள்ள பிள்ளைக்கோ இரட்டைக் கஷ்டம். ஒரே வேலை, நகர முடியாது, பலன் மூணு வருஷம் தள்ளி. இடையில் நின்றால் எல்லாம் போச்சு.

வண்டி ஓட்டும் வேலையில் யோசித்துச் செய்யுங்கள். பையன்கள் முதலில் கேட்பது அதைத்தான். இந்தக் குறைபாடு உள்ளவர்கள் ஓட்டும்போது விபத்து அதிகம் நடக்கிறது என்று பல நாடுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. வண்டியே கூடாது என்று சொல்லவில்லை. டாக்டரைக் கேட்ட பிறகு முடிவு செய்யுங்கள். லோடு ஆட்டோவுக்கு முழுக் கடன் போடுவதற்கு முன் கட்டாயம் கேளுங்கள்.

அமெரிக்காவில் மைக்கேல் பெல்ப்ஸ் என்று ஒரு நீச்சல் வீரர். ஒன்பது வயதில் ஏ.டி.எச்.டி. என்று கண்டுபிடித்தார்கள். ஒலிம்பிக்கில் 2004 முதல் 2016 வரை அவர் வாங்கிய பதக்கம் 28, அதில் தங்கம் 23. நம் பிள்ளைகள் எல்லோரும் ஒலிம்பிக் போகப் போவதில்லை, அதற்காகச் சொல்லவில்லை. நீச்சல் பயிற்சி என்பது இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய் வருவதுதான், சலிப்பான வேலை. அதில் எப்படி அவர் நின்றார்? தினமும் ஒரே நேரம், கரையில் கடிகாரத்தோடு பயிற்சியாளர், ஒவ்வொரு சுற்றுக்கும் எத்தனை நொடி என்று உடனே தெரிந்துவிடும். உடம்புக்கும் வேலை. நம் ஊர் வெல்டிங் பட்டறையிலும் இது எல்லாம் கிடைக்கும்.

இனி பெற்றவர்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறோம். ஒரு நோட்டு போடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் படிக்கிற இன்னொரு பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். இரண்டு வாரம், பிள்ளை சொல்லாமலே எதில் போய் உட்கார்ந்தான், எவ்வளவு நேரம் இருந்தான், எதைப் பாதியில் விட்டான், கூட யார் இருந்தார்கள் என்று மட்டும் எழுதினால் போதும். "சமர்த்து", "சோம்பேறி" என்றெல்லாம் எழுதக்கூடாது. ஒரு அம்மா எழுதிக் கொண்டுவந்த நோட்டில் கோயில் திருவிழாப் பந்தல் வேலை நாலு தடவை வந்திருந்தது. மைக் செட், சீரியல் பல்பு. அவர் பையனை அதுவரை அக்கவுண்ட்ஸ் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து, காசு போடுவதற்கு முன் ஒரு மாசம் அந்த வேலையில் உதவி ஆளாக விடுங்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்ல மாட்டோம், பஸ் செலவும் சாப்பாடுமாவது கேளுங்கள். முதல் வாரம் எல்லா வேலையும் பிடிக்கும், புதுசு என்பதால். மூணாவது வாரம் எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு.

பயிற்சிக்கு வழி இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பு ஒரு வருஷம், எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் இரண்டு வருஷம். எட்டாம் வகுப்போடு சேரக்கூடிய பிரிவுகளும் உண்டு. பட்டறையில் நின்று செய்கிற நேரம் அதிகம் என்பதால் வகுப்பறையில் தோற்ற பிள்ளைகள் அங்கே தலை நிமிர்வதைப் பார்த்திருக்கிறோம். 18 வயது நிறைந்தவர்களுக்கு வங்கிகள் நடத்துகிற ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, ஆர்செட்டி என்போமே, அதில் சாப்பாட்டோடு இலவசமாகக் குறுகிய காலப் பயிற்சி. சில நாள், சில வாரம்தான் என்பதால் தொட்டுப் பார்க்க நல்ல இடம்.

குழுக்களுக்கு எங்கள் யோசனை இது. இந்த மாதிரி மனு வந்தால் தள்ளாதீர்கள், மொத்தமாகவும் கொடுக்காதீர்கள். ஒரு மாசம் வேலை பார்த்துவிட்டு வந்ததும் முதலில் கருவி வாங்கும் அளவுக்குச் சின்னக் கடன். அது ஓடினால் அடுத்தது. பணம் நேராகக் கருவிக் கடைக்குப் போகட்டும். கையில் காசு வந்தால் யோசிக்காமல் செலவழித்துவிடுவதும் இந்தக் குறைபாட்டில் சேர்ந்ததுதான். கணக்கை யார் பார்ப்பார் என்று மனுவிலேயே ஒரு பெயர் எழுதி வாங்குங்கள். அது அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அம்மாக்கள் ஏற்கெனவே நிறையச் சுமக்கிறார்கள்.

"ஒரு கல்யாணத்தைப் பண்ணி வச்சா சரியாயிடும்" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சரியாகாது. இன்னொரு வீட்டுப் பெண் வந்து ஞாபகப்படுத்துகிற வேலையைச் சம்பளம் இல்லாமல் பார்ப்பாள், அவ்வளவுதான். பெண் பிள்ளை என்றால் இன்னும் மோசம். பால் பொங்கி வழிந்ததற்கும், சாவியைத் தொலைத்ததற்கும் புகுந்த வீட்டில் தினமும் திட்டு வாங்குவாள். முதலில் அவள் காலில் நிற்க ஒரு வேலை.

மருந்து பற்றிப் பயம் இருக்கிறது. டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால் பல பிள்ளைகளுக்குக் கவனம் நிற்க மருந்து நன்றாக உதவுகிறது. சைமன் பைல்ஸ் என்ற ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை தனக்குச் சின்ன வயதிலிருந்தே ஏ.டி.எச்.டி. இருப்பதையும், அதற்கு மருந்து சாப்பிடுவதையும் 2016-இல் வெளிப்படையாகவே சொன்னார், இதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்றார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். மனநலப் பிரிவு என்ற பலகையைப் பார்த்துத் திரும்பி வர வேண்டாம். பள்ளிக்கு வருகிற அரசு மருத்துவக் குழுவிடமும் கேட்கலாம். போக முடியாதவர்கள் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சலுகை கிடைக்குமா என்றும் கேட்கிறீர்கள். 2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் ஏ.டி.எச்.டி. என்ற பெயர் இல்லை. ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாத கற்றல் குறைபாடு பட்டியலில் உண்டு. இரண்டும் சேர்ந்தே பல பிள்ளைகளுக்கு இருக்கும். அப்படி இருந்தால் பரீட்சையில் கூடுதல் நேரம் போன்ற சலுகை கேட்க முடியும். தலைமையாசிரியரிடம் பத்தாம் வகுப்பு தொடங்கும்போதே பேசுங்கள், பரீட்சைக்கு முதல் வாரம் ஓடாதீர்கள்.

பிள்ளைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். இது வயது வந்தால் எல்லோருக்கும் போய்விடுவதில்லை. நமக்குள்ளும் இருக்கலாம். சில குழுக்களில் கணக்கு எழுதும் பொறுப்பு சுழற்சி முறையில் வருகிறது. ஒரு ஊக்குநர், வங்கி மேனேஜரிடம் நேராகப் போய்ப் பேசிக் காரியத்தை முடித்து வருகிறவர். ஆனால் வரவு செலவு நோட்டு அவர் கையில் இருந்த ஆறு மாசமும் ஒரு பக்கம்கூடக் கூட்டல் சரியாக வரவில்லை. காசைத் தொட்டுவிட்டார் என்றுகூடப் பேச்சு வந்தது. தணிக்கையில் ஒரு ரூபாய் குறையவில்லை. எழுத மறந்திருக்கிறார், அவ்வளவுதான். இப்போது நோட்டு வேறொருவரிடம். அவர் வங்கிக்கும், சந்தைக் கண்காட்சிக்கும் போய் வருகிறார். குழு நன்றாக நடக்கிறது.

டீ வந்துவிட்டது. மனு கொடுத்திருக்கிற மூன்று வீட்டாரும் போகும்போது ஆளுக்கு ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு போங்கள், ஆபீஸில் வைத்திருக்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு எழுதி எடுத்து வாருங்கள். மனுக்களை அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறோம், தள்ளிவிடவில்லை. பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், அவர்கள் வாயாலும் கேட்க வேண்டும்.